சங்கம் எதுக்கு சார்?

திருநெல்வேலியிலிருந்து மதுரை ரோட்டில் தாழையூத்தைத் தாண்டினால் கங்கைகொண்டான். பெயரில் சோழர் காலத்துக் கம்பீரம். இன்றைக்கு வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஊரில் தெரிந்தது இரண்டுதான். ஒன்று சிப்காட். இன்னொன்று, 2013-ல் அறிவிக்கப்பட்ட புள்ளிமான் சரணாலயம்.

அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷம் இருக்கும். கையில் ரசீதுப் புத்தகம். இன்னொருவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளைஞர்.

“தம்பி, சங்கத்துக்கு இன்னும் சந்தா போடலியே?”

“அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. சங்கம் எதுக்கு? டெட் பாஸ் பண்ணி, அதுக்கு மேல நியமனத் தேர்வும் எழுதி வந்திருக்கேன். யார் தயவும் இல்ல. நான் உண்டு, என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக உண்டு. மாசம் பொறந்தா சம்பளம் பேங்க்ல விழுது. நமக்கு எதுக்கு வம்பு?”

பெரியவர் பதில் பேசவில்லை. ரசீதுப் புத்தகத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். டீக்குக் காசு கொடுத்தார், இரண்டு பேருக்கும் சேர்த்து.

குறுக்கே புகுந்து பேச எனக்கு வாய் துடித்தது. முன்பின் தெரியாத ஆள் என்பதால் அடக்கிக்கொண்டேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு டீச்சர் இருக்கலாம். உங்கள் பெண் பி.எட். படித்துக்கொண்டிருக்கலாம். இல்லாவிட்டாலும், உங்கள் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். ஆகவே இது உங்கள் சமாச்சாரமும்தான்.

முதலில் அந்த ‘பேங்க்ல விழுகிற’ சம்பளம்.

என் பெரியம்மா ஒருவர் உதவி பெறும் பள்ளியில் டீச்சராக இருந்தார். ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்தைய கதை. மாதம் பிறந்தால் மேனேஜர் வீட்டுத் திண்ணையில் போய் நிற்க வேண்டும். அக்விட்டன்ஸில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் வருவது வேறொரு தொகை. மீதி எங்கே என்று கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. மேனேஜர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறப் போகாத டீச்சருக்கு அடுத்த வருஷம் வேலை நிச்சயமில்லை. இது ஒரு பள்ளிக்கூடத்துக் கதை இல்லை. அந்தக் காலத்து ஆசிரியர்களிடம் கேளுங்கள், ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள்.

அந்தத் திண்ணை எப்படிப் போனது? மேனேஜர்கள் மனம் திருந்தியா? பக்கத்துக் கேரளத்தில் 1957-ல் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, தனியார் பள்ளி ஆசிரியர்களை நிர்வாகத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப் பார்த்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பில் ஓர் அரசாங்கமே வீடு போனது. இங்கே 1973-ல் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கல்வி அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று அது சொன்னது. மத்திய அரசு ஊழியருக்கு இணையான சம்பள விகிதம் 1988 ஜூன் முதல் தேதியிலிருந்து கணக்கிட்டுக் கிடைத்தது. அதற்கு முன்னால் 1980-களில் ஜெயிலுக்குப் போன ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில். எந்த முதலமைச்சரும் காலையில் காபி குடிக்கும்போது தானாகத் தோன்றி எதையும் கொடுத்ததில்லை.

தம்பி, ‘யார் தயவும் இல்ல’ என்றீர்களே, வேலை உங்கள் மார்க்கில் கிடைத்தது. சரி. அந்த வேலைக்கு இருக்கிற மரியாதை உங்கள் மார்க்கில் வந்தது இல்லை.

இதெல்லாம் சங்கத்துக்காரர்கள் மேடையில் வழக்கமாகச் சொல்வதுதான். நான் சொல்ல வந்தது வேறு. அவர்கள் மேடையில் அவ்வளவு சத்தமாகச் சொல்லாதது.

அரசாங்கத்துக்குப் பணம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் யார் பையில் கை வைக்கும்? ஏற்கெனவே வேலையில் இருப்பவர் பையிலா? வைத்துப் பார்த்தார்கள், 2003-ல். ஓய்வூதியச் சலுகைகள், விடுப்புச் சம்பளம் என்று ஒவ்வொன்றாக வெட்டினார்கள். ஜூலை 2-ம் தேதி அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். டெஸ்மா சட்டம் பாய்ந்தது. ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் ஒரேயடியாக டிஸ்மிஸ். ஆகஸ்ட் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மிக உரிமையோ கிடையாது என்று தீர்ப்பு எழுதியது. பெரும்பாலானவர்கள் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி உள்ளே போனார்கள். அடுத்த வருஷம் மக்களவைத் தேர்தலில் ஒரு தொகுதிகூடக் கிடைக்காமல் போன பிறகு, ஜெயலலிதா அரசு நடவடிக்கைகளை வாபஸ் வாங்கியது.

ஆக, உள்ளே இருப்பவன் பையில் கை வைத்தால் சத்தம் வரும். ஓட்டு போகும். ஆனால் அதே 2003-ல் இன்னொன்றும் நடந்தது. ஏப்ரல் முதல் தேதியோ அதற்குப் பிறகோ வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றார்கள். அவர்கள் சம்பளத்தில் பத்து சதவிகிதம் பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, பங்களிப்பு ஓய்வூதியம் என்று ஒரு திட்டம். மாதாமாதம் இவ்வளவு வரும் என்ற உத்தரவாதம் போயே போச்சு. அதற்கு எத்தனை லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள்? யார் வருவார்கள்? பாதிக்கப்படப் போகிறவன் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். சிலர் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். பிறக்காத பிள்ளை எப்படி அழும்?

இந்தச் சூட்சுமம் எந்தக் கட்சி கோட்டைக்குப் போனாலும் அதற்குப் புரிந்துவிடுகிறது. 2003-க்குப் பிறகு சேர்ந்த ஆசிரியர்களுக்குத் தொகுப்பூதியம் என்றார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000 ரூபாய். 2006 ஜூனில்தான் அவர்கள் காலமுறைச் சம்பளத்துக்கு வந்தார்கள். 2012-ல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000. பன்னிரண்டு வருஷம் கழித்து 2024-ல் அது 12,500. இரண்டு கழக ஆட்சியும் இதில் அண்ணன் தம்பிதான்.

எல்லாவற்றிலும் உச்சம் 2009. இடைநிலை ஆசிரியர், அதாவது உங்கள் பிள்ளைக்கு ‘அ’னா ‘ஆ’வன்னா சொல்லித் தருகிறவர். 2009 மே 31 வரை வேலையில் சேர்ந்திருந்தால் புதிய சம்பள விகிதத்தில் அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். மறுநாள் ஜூன் முதல் தேதி சேர்ந்தவருக்கு 5,200. ஒரே படிப்பு. ஒரே பள்ளிக்கூடம். ஒரே கரும்பலகை. ஒரு ராத்திரியில் 3,170 ரூபாய் வித்தியாசம். 2017-ல் அடுத்த சம்பளக் குழுவின்படி 2.57-ஆல் பெருக்கியபோது அந்தப் பள்ளமும் கூடவே பெருகியது. 3,170-ஐ 2.57-ஆல் பெருக்கிப் பாருங்கள். எட்டாயிரத்தைத் தாண்டும்.

பாதிக்கப்பட்டவர்கள் சுமார் இருபதாயிரம் பேர். 2018 டிசம்பர், 2022 டிசம்பர், 2023 செப்டம்பர் என்று திரும்பத் திரும்பச் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் போய் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு உண்ணாவிரதம் இருந்து மயங்கி விழுந்த டீச்சர்களை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். 2023 ஜனவரியில் ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு போட்ட பிறகும் அதே செப்டம்பரில் மறுபடி வந்து உட்கார வேண்டியிருந்தது. குழு என்றால் என்ன என்று அவர்களுக்கு அப்போது புரிந்திருக்கும்.

சரி, 2009 ஜூனில் பெரிய சங்கங்கள் என்ன செய்தன? தீர்மானம் போட்டன. கோரிக்கைப் பட்டியலில் சேர்த்தன. குறை சொல்ல முடியாது. ஆனால் பை பத்திரமாக இருக்கிறவன் போடுகிற தீர்மானத்துக்கும், பை கிழிந்தவன் போடுகிற கூச்சலுக்கும் வித்தியாசம் உண்டு. பட்டியலில் அது எத்தனையாவது கோரிக்கை என்பதிலேயே அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

தம்பி, இதுதான் விஷயம். சங்கம் உங்களைத் தேடி வருவது சந்தாவுக்கு என்று நினைக்கிறீர்கள். இருக்கட்டும். ஆனால் நீங்கள் சங்கத்துக்குள் போக வேண்டியது, அங்கே நீங்கள் இல்லாதபோது உங்கள் பையை யாரும் காவல் காக்கவில்லை என்பதற்காக. புதிதாக வந்தவன் ‘எனக்கு எதுக்கு’ என்று வெளியே நிற்க நிற்க, சங்கம் ரிட்டயர் ஆகப் போகிறவர்களின் சங்கமாகவே இருக்கும். அவர்கள் கவலை அவர்களுக்கு.

உள்ளே போனால் மட்டும் என்ன ஆகிவிடும்? ஓய்வூதியக் கதையையே பாருங்கள். 2003-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் பெருகினார்கள். பட்டியலில் எங்கோ இருந்த கோரிக்கை மெல்ல முதலிடத்துக்கு வந்தது. 2017 செப்டம்பரில் ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம். 2019 ஜனவரியில் மறுபடியும். கைதானவர்கள், சஸ்பெண்ட் ஆனவர்கள், ‘17-பி’ மெமோ வாங்கினவர்கள் ஆயிரக்கணக்கில். 2021 பிப்ரவரியில் அந்த நடவடிக்கைகளை அதே எடப்பாடி பழனிசாமி அரசே ரத்து செய்தது. 2026 ஜனவரி 6 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று தேதி குறித்தபோது, மூன்று நாள் முன்னதாக ஸ்டாலின் அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாகக் கிடைக்கும் என்றார்கள். இனிப்பு ஊட்டியவர்களும் இருந்தார்கள், பழைய திட்டமேதான் வேண்டும் என்று முகம் திருப்பியவர்களும் இருந்தார்கள். அந்தச் சண்டை இருக்கட்டும். ‘முடிந்துபோன விஷயம்’ என்று சொல்லப்பட்ட ஒன்று இருபத்திரண்டு வருஷம் கழித்து மேசைக்குத் திரும்பி வந்ததா, இல்லையா?

மெமோ பயம் என்கிறீர்களா? நியாயமான பயம். ஆனால் ஒன்று யோசியுங்கள். ஒற்றை ஆளுக்கு மெமோ வந்தால் அது அவர் தலைவலி. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வந்தால் அது அரசாங்கத்தின் தலைவலி. அவ்வளவு பெரிய போராட்டம்கூட வேண்டாம். உங்கள் சான்றிதழ்களுக்கு உண்மைத்தன்மை வந்து சேர வேண்டும். வந்தால்தான் தகுதிகாண் பருவம் முடித்து ஆணை. கல்வி அலுவலகத்தில் ஃபைல் நகரவில்லை என்றால் தனியாகப் போய் நின்று பாருங்கள். ‘கவனித்தால்’ நகரும் என்று யாராவது காதில் சொல்வார்கள். பத்துப் பேராகப் போய் நின்றால் கவனிக்காமலே நகரும்.

இப்போது உங்களிடம் வருகிறேன், வாசகரே.

ஆசிரியர் சங்கம் என்றாலே உங்களுக்கு எரிச்சல். தெரியும். ‘கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு கொடி பிடிக்கிறார்கள், தங்கள் பிள்ளைகளை மட்டும் பிரைவேட்டில் படிக்க வைக்கிறார்கள்’ என்பீர்கள். 2003-ல் டிஸ்மிஸ் செய்தி வந்தபோது டீக்கடைகளில் கை தட்டினவர்கள் உண்டு. நீங்களும் தட்டியிருக்கலாம்.

உங்கள் பிள்ளை படிக்கிற மெட்ரிக் பள்ளி மிஸ்ஸிடம் ஒருநாள் சம்பளத்தைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கட்டும் ஃபீஸையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் பெயர் எந்தச் சங்கத்திலும் இருக்காது. 1988-ல் உச்ச நீதிமன்றம், ஆசிரியர் என்பவர் தொழில் தகராறு சட்டப்படி ‘தொழிலாளி’ அல்ல என்று சொல்லிவிட்டது. புனிதமான பணியாம். புனிதத்துக்குப் பணிக்கொடை கிடையாது என்று 2004-ல் இன்னொரு தீர்ப்பு. அகமதாபாத் தனியார் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களின் சங்கம் ஒன்று போட்டுத் தோற்ற வழக்கு அது. தோற்றாலும் விஷயம் சாகவில்லை. 2009-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 முதலே ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்றது. பள்ளி முதலாளிகள் கூட்டமைப்பு கோர்ட்டுக்குப் போனது. முதலாளிகளுக்குச் சங்கம் எதுக்கு என்று யாரும் கேட்பதில்லை, கவனித்தீர்களா? 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. அந்த மிஸ் ஐந்து வருஷம் முடித்து வேலையை விடும்போது நாலு காசு கேட்க முடிகிறதென்றால், முகம் தெரியாத ஒரு குஜராத் சங்கத்துக்கும் அதில் பங்கு உண்டு.

அதற்காகச் சங்கங்களுக்கு நான் மாலை போட வரவில்லை. உங்கள் எரிச்சலில் பாதி நியாயம். தமிழ்நாட்டு ஆசிரியர் சங்கங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதற்கே தனியாக ஒரு தகுதித் தேர்வு வைக்கலாம். அவ்வளவு சங்கம். நாற்காலிச் சண்டையில் உடைந்தவை பாதி. வருஷத்துக்கு ஒரு டைரி, ஒரு காலண்டர், ஒரு பாராட்டு விழா என்று பொழுது போக்குகிறவை உண்டு. ட்ரான்ஸ்ஃபருக்குச் சிபாரிசு பிடிப்பதையே இயக்கம் என்று நினைக்கிற நிர்வாகிகள் உண்டு. மேடையில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். தொடக்கப் பள்ளிகளில் எத்தனை டீச்சர்கள் பெண்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கழிப்பறைக்குக் கதவு இல்லை, அஞ்சு வகுப்புக்கு ரெண்டு வாத்தியார் என்று எந்தச் சங்கமாவது எத்தனை நாள் தெருவில் உட்கார்ந்தது? கோரிக்கையில் இருக்கும். கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

அமெரிக்காவில் 2019 அக்டோபரில் சிகாகோ ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. பதினொரு பள்ளி நாள். சம்பளத்தோடு அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நர்ஸ், ஒரு சமூகப் பணியாளர், வகுப்பில் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு. நர்ஸும் சமூகப் பணியாளரும் ஒப்பந்தத்தில் எழுத்தாகவே வந்தார்கள். பெற்றோர்களில் பலர் ஆசிரியர்களோடு ஊர்வலம் போனார்கள். ஏன் போக மாட்டார்கள்? அது அவர்கள் பிள்ளைக்கான கோரிக்கை.

சிகாகோ வரைக்கும் எதற்கு? திருநெல்வேலிச் சீமைக்கு இது புதுசா? 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். பத்து நாளைக்குள் சம்பள உயர்வும் வாரவிடுமுறையும் கிடைத்தன. எப்படி? ஊரே கூட நின்றது. எதிர்த்துப் பேசின வக்கீலுக்கு முகம் மழிக்க மாட்டேன் என்று சவரத் தொழிலாளி கத்தியைக் கீழே வைத்த கதை அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஊர் கூட நின்றால் பத்து நாள். ஊர் கை தட்டிச் சிரித்தால் இருபத்திரண்டு வருஷம். சங்கங்கள் படிக்க வேண்டிய பாடம் இது.

இதைச் சொல்லித் தர யார் இருக்கிறார்கள்? இன்னும் சில வருஷத்தில் வீட்டுக்குப் போகப் போகிறவர்களா? புதிதாக வருகிறவர்கள்தான் செய்ய வேண்டும். அதற்கு உள்ளே போக வேண்டும். சந்தா கட்டினால் மட்டும் போதாது. கூட்டத்துக்குப் போக வேண்டும். போரடிக்கும். போக வேண்டும். எழுந்து நின்று கேட்க வேண்டும். தேர்தலில் நிற்க வேண்டும். முக்கியமாக டீச்சர்கள்.

கடைசியாக ஒன்று. 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற பழைய ஆசிரியர்களும் இரண்டு வருஷத்துக்குள் டெட் பாஸ் செய்தாக வேண்டும் என்று. இருபது, இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்தினவர்கள் கைடு வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டெட் பாஸ் பண்ணி வந்த இளைஞர்களில் சிலர் உள்ளூரச் சிரித்தார்கள். ‘எங்க பை பத்திரம்’ என்கிற சிரிப்பு. 2009-ல் பெரியவர்கள் சத்தமில்லாமல் சிரித்த அதே சிரிப்பு. இப்படி ஆளுக்கு ஒரு முறை சிரித்துக்கொண்டிருந்தால் இரண்டு பையிலும் கை வைக்கிறவனுக்கு ரொம்ப வசதி.

ஆகவே தம்பி, அடுத்த முறை அண்ணாச்சி வரும்போது ரசீது போடச் சொல்லுங்கள். போட்ட கையோடு அவரிடம் கேளுங்கள்: “2009-ல எங்களுக்காக நீங்க என்ன செஞ்சீங்க?” வெளியே நின்று கேட்டால் அது வம்பு. உறுப்பினராக நின்று கேட்டால் அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லட்டும். நீங்களும் உங்களுக்குப் பின்னால் வரப்போகிறவனுக்கு என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். அவன் இப்போது உங்கள் வகுப்பிலேயே முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

அன்றைக்கு டீக்குக் காசு நீங்கள் கொடுங்கள்.